சுல்தான் நிற்காத கோட்டை

"போறான் பாரு! இன்னிக்கும் நிக்காம போறான்! டேய், இங்க ஒரு கோட்டை இருக்குடா, கண்ணு தெரியலையா?"

அந்த வசந்த காலம் முழுக்க எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இந்தக் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. கத்துகிறவன் என் மனைவி பிரோஷ்காவின் அண்ணன் லோராந்த். திட்டு வாங்குகிறவர், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வியன்னாவைப் பிடிக்கப் புறப்பட்டு எங்கள் ஊர் வழியாக வந்த துருக்கிய சுல்தான். இத்தனை ரகளையும் நடந்த இடம் லோராந்தின் கம்ப்யூட்டர்.

லோராந்தும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. பிறகு அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டதில் மச்சான் உறவும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரிய எல்லையோரத்து எங்கள் ஊரான கோசெக்கில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்டக் கற்றார்கள். வண்டிக்குள் அவனைப்போல் பொறுமைசாலியைப் பார்க்க முடியாது. ரவுண்டானா நடுவில் இன்ஜின் நின்றுபோய்க் கண்கலங்குகிற பெண்ணிடம், "அவசரமே இல்லம்மா, பின்னாடி நிக்கற லாரிக்காரருக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?" என்பான். மாலையில் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டும்போது அந்தப் பொறுமையையும் சேர்த்து மாட்டிவிடுவான்.

அவன் விளையாடியது மிகப் பழைய ஆட்டம். தேன்கூட்டு அறைகள்போல் கட்டம் கட்டமாக ஒரு நிலப்படம். கட்டங்களில் படைகள். முதலில் ஒருவர் தம் படைகளை நகர்த்துவார், அவர் முறை முடிந்தால் மற்றவர் முறை. சதுரங்கத்தை ஒரு நாட்டின்மேல் விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் உலகம் முழுக்கச் சில நூறு பைத்தியங்கள் இன்னும் அதை விடாமல் ஆடுகிறார்கள். அவர்களுக்குப் பழைய போர்களை எடுத்து, மலை, ஆறு, பாலம், படை, பருவம் எல்லாவற்றையும் வைத்துப் புதிய ஆட்டக்களங்கள் அமைத்துக் கொடுக்கும் ஓரிருவரில் லோராந்தும் ஒருவன். போலந்துச் சமவெளி, சிசிலித் தீவு, காகசஸ் மலைகள் என்று அவன் அமைத்த களங்களை நியூசிலாந்தில்கூட ஆடுகிறார்களாம். ஊருக்குள் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் இருவரைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் அவன் மனைவி. அவள் கிராட்ஸ் நகருக்கு வேலைக்குப் போய் அப்படியே அங்கேயே தங்கிவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை. "உன் முறை முடியறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிடும் போலிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவன் அதற்கும் சேர்த்துக் கம்ப்யூட்டரைத்தான் திட்டினான்.

இத்தனை ஊர்ப் போரையும் அமைத்தவன் சொந்த ஊர்ப் போரை மட்டும் தொடவே இல்லை. பிரோஷ்கா அதைக் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பாள்.

"ஏண்ணா, எவன் எவனோ அடிச்சிக்கிட்டதுக்கெல்லாம் படம் போடற. நம்ம ஊருல சண்டையே நடக்கலையா?"

"அது ஆட்டத்துக்கு ஒத்துவராது."

"பதினோரு மணிக்குக் கோயில் மணி அடிக்குதே, அது எதுக்காம்? சாப்பாட்டுக்கா?"

அந்த மணி எதற்கு என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சில நூறு குடியானவர்களும் ஒரு கைப்பிடி வீரர்களும் உள்ளே இருக்க, எங்கள் சின்னக் கோட்டை அந்தப் பெரும்படையை வாரக்கணக்கில் தடுத்து நிறுத்தியது. ஆவணி மழை பிடித்துக்கொள்ள, சுல்தான் வியன்னாவைப் பாராமலே திரும்பிப் போனார். அவர் படை கிளம்பிய நேரத்துக்குத்தான் இன்றும் மணி அடிக்கிறார்கள் என்பது ஊர்ப் பேச்சு.

வினை அம்ப்ருஷ் வடிவத்தில் வந்தது. அம்ப்ருஷ் எங்கள் தெருக்கோடியில் கசாப்புக்கடை வைத்திருக்கிறவர். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் முற்றுகை விழாவில் கோட்டைத் தலைவனாக வேடம் கட்டுகிறவர் அவர்தான். கட்டிக் கட்டி, தாமே அந்தத் தலைவன் என்ற நினைப்பு அவருக்கு வந்திருந்தது. லோராந்தின் ஆட்டத்தைப் பற்றி நான்தான் அவர் கடையில் இறைச்சி வாங்கும்போது வாய்தவறிச் சொன்னேன். மறுநாளே லோராந்தின் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, நீ கம்ப்யூட்டர்ல யுத்தமெல்லாம் நடத்துவியாமே?"

"சும்மா பொழுதுபோக்குக்கு, அண்ணே."

"இந்த வருஷம் விழாவுல கோட்டை முற்றத்துல பெரிய திரை கட்டறோம். நம்ம முற்றுகையை அதுல ஓட்டு. சுல்தான் வரணும், முட்டணும், மோதணும், மண்ணைக் கவ்விட்டுத் திரும்பணும். தலைவன் படத்துக்கு வேணும்னா என் போட்டோ தரேன்."

முடியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்குள்ளும் ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டான்.

ஒரு மாதத்தில் களம் தயார். எங்கள் மலை, ஓடை, திராட்சைத் தோட்டங்கள், ஆஸ்திரியப் பக்கத்துச் சாலை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கோட்டையைப் பார்த்து எனக்கே சிலிர்த்தது. கோட்டைப் பக்கத்தை நான் ஆடிப் பார்ப்பது என்றும், சுல்தான் பக்கத்தைக் கம்ப்யூட்டர் ஆடும் என்றும் ஏற்பாடு. தெற்கிலிருந்து படைகள் வந்தன. எங்கள் கோட்டையின் பக்கத்துக் கட்டம்வரை வந்தன. அப்படியே ஒதுங்கி, மாட்டுவண்டி மைல்கல்லைத் தாண்டுவதுபோல் தாண்டி, வியன்னா சாலையில் போய்விட்டன. ஆறாவது முறையில் வியன்னா விழுந்தது. நாங்கள் கோட்டைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் எங்களைச் சீண்டவில்லை.

"மச்சான், நாம ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டேன்.

"வாயை மூடு."

விஷயம் இதுதான். ஆட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. கம்ப்யூட்டர் தூரத்தையும் எதிர்ப்பையும் மதிப்பையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும். வியன்னாவுக்குப் போகிற ஒருவன் வழியில் இருக்கும் இந்தக் குட்டிக் கோட்டைக்காக ஏன் மினக்கெட வேண்டும்? கணக்குத் தெரிந்த எவனும் நிற்க மாட்டான். கம்ப்யூட்டருக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும்.

லோராந்த் கோட்டையின் மதிப்பை ஏற்றினான். சுல்தானின் மொத்தப் படையும் எங்கள்மேல் கவிழ்ந்து, இரண்டே முறையில் கோட்டை தூளானது. மதிப்பைக் கொஞ்சம் இறக்கினான். அப்போது சுல்தானுக்குக் கிறுக்குப் பிடித்ததுபோல் ஆயிற்று. ஒரு முறை எங்கள் பக்கம் வருவார், அடுத்த முறை வியன்னா பக்கம் போவார், மறுபடி திரும்பி வருவார். கடைசிவரை ஓடைக்கரையில் இப்படியும் அப்படியும் நடந்தே ஆட்டம் முடிந்தது.

"என்னடா இது, வீட்டுச் சாவியைத் தொலைச்சவன் மாதிரி அலையறாரு?" என்று நான் சிரித்தேன். அன்று லோராந்த் எனக்குக் காப்பி தரவில்லை.

மழையால்தானே அவர்களுடைய பெரிய பீரங்கிகள் பின்தங்கின, மழையைக் கொண்டுவந்தால் நிற்பார்களோ என்று யோசித்தான். பழைய ஆட்டத்தில் மழையே கிடையாது. சேறு மட்டும்தான் உண்டு. நிலம் முழுக்கச் சேற்றைப் பூசினான். யாராலும் நகர முடியவில்லை. சுல்தான் வரவும் இல்லை, போகவும் இல்லை. எங்கோ தெற்கே சேற்றில் புதைந்து நின்றார்.

இதற்கு நடுவே களத்தை ஆடிப்பார்க்கச் சொல்லி இணையத்தில் போட்டிருந்தான். முதலில் பதில் எழுதியவர் இஸ்மிரிலிருந்து ஒரு துருக்கியர், பெயர் நெஜாத். ஸ்டுட்கார்ட்டில் பல ஆண்டுகள் டிராம் ஓட்டி ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். ஜெர்மன் மொழியில் எழுதுவார். எங்கள் எல்லைப்புறத்தில் எல்லாருக்கும் ஜெர்மன் தெரியும். மரியாதை சொட்டச் சொட்ட எழுதுவார். லோராந்தின் ரத்தம் கொதித்ததே அந்த மரியாதையால்தான்.

'மதிப்பிற்குரிய லோராந்த் அவர்களே, தங்கள் களம் மிக அழகு. திராட்சைத் தோட்டங்களைக்கூட விடாமல் போட்டிருக்கிறீர்கள். நான் சுல்தான் பக்கம் ஆடினேன். ஆறாம் முறையில் வியன்னாவில் இருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். நடுவில் ஒரு கோட்டை இருக்கிறதே, அது எதற்கு?'

லோராந்த் அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தான்.

"எதற்கு-ன்னு கேக்கறான் மச்சான்! எதற்கு!"

"நியாயமான கேள்விதானே?"

"நியாயமான கேள்விங்கறதுதான் எரிச்சலா இருக்கு!"

அவன் மதிப்பை மாற்றுவான், சாலையை மாற்றுவான், உணவு வண்டிகளைக் கோட்டை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று விதி போடுவான். நெஜாத் அடுத்த நாளே வேறு வழி கண்டுபிடித்து வியன்னா போய்ச் சேர்ந்துவிட்டு, 'மிக்க மகிழ்ச்சி, காப்பி நன்றாக இருக்கிறது' என்று எழுதுவார். இப்படியே கோடை வந்தது.

இன்னொரு பக்கம் அம்ப்ருஷ். படையெடுப்பு எப்படி முடிந்தது என்று பழைய புத்தகங்களைப் புரட்டிய லோராந்த், ஆட்டத்தின் முடிவில் ஒரு விதி சேர்த்திருந்தான். உண்மையில் எங்கள் கோட்டை கடைசியில் ஒரு பேச்சுவார்த்தையில்தான் தப்பித்தது. உள்ளே வெடிமருந்தும் இல்லை, தெம்பும் இல்லை. பேருக்குச் சரணடைவது, மதில்மேல் துருக்கியக் கொடியை ஏற்றிக்கொள்ள விடுவது, அதோடு அவர்கள் போய்விடுவது என்று உடன்பாடு. எங்கள் ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் விழாவில் யாரும் பேச மாட்டார்கள். லோராந்தின் விதிப்படி, கடைசி முறையில் சுல்தான் அந்தக் கொடி உடன்பாட்டை நீட்டலாம். தலைவன் சம்மதித்தால் கோட்டை பிழைக்கும். மறுத்தால் கடைசித் தாக்குதல்.

அம்ப்ருஷ் குதித்தார்.

"நம்ம கோட்டையில அவன் கொடியா? அதுவும் பெரிய திரையிலயா?"

"அதுதான் அண்ணே நடந்தது."

"நடந்தது நடந்துபோச்சு. அது விழாவுல எதுக்கு நடக்கணும்?"

"அப்ப நீங்களே ஆட்டம் செஞ்சிக்குங்க. நான் கார் ஓட்டக் கத்துக்குடுக்கப் போறேன்."

அம்ப்ருஷ் யோசித்தார். அவருக்கும் சேதி எட்டியிருந்தது. "சரி விடு. உன் சுல்தான்தான் நம்ம ஊரைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லையாமே. கொடியை எங்கிருந்து ஏத்தப்போறான்?" என்று சொல்லிவிட்டுப் போனார். லோராந்த் கதவை அறைந்து சாத்திய வேகத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் கோப்பை ஆடியது.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நெஜாத் எழுதினார். தானும் மனைவியும் வியன்னாவைச் சுற்றிப்பார்க்க வருவதாகவும், எதற்கு என்றே தெரியாத அந்தக் கோட்டையை நேரில் பார்க்க ஆவலாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். லோராந்த் அதைப் படித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தான்.

"வரட்டும். அந்த ஆளே சுல்தானா உக்காரட்டும். அம்ப்ருஷ் எதிர்ல உக்காரட்டும். எப்படியும் அசிங்கம்தான், ரெண்டு பேரும் சேர்ந்து படட்டும்."

வந்தவர் மெலிந்த, உயரமான மனிதர். வெள்ளை மீசை. அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். மனைவி குலேர் குள்ளமான, சிரித்த முகக்காரி. லோராந்தைப் பார்த்ததும் நெஜாத் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா தம்பி அது! எத்தனை ராத்திரி என்னைத் தூங்கவிடாமப் பண்ணீங்க!"

"நானா?" என்றான் லோராந்த்.

முற்றத்தில் கட்டிய திரையில் வெயிலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு கோட்டைக்குள் இருந்த பெரிய கூடத்துக்கு ஓடினோம். பெஞ்சுகள் நிறைந்து, சுவர் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஒரு மேசையில் நெஜாத். எதிர் மேசையில் தலைவன் வேடத்தில், தொப்பியும் கவசமும் பொய்த்தாடியுமாக அம்ப்ருஷ். அவருக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. அவர் சொல்வதை அமுக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. லோராந்த் தூணில் சாய்ந்து கைகட்டி நின்றான், பல் பிடுங்க வந்தவன் முகத்தோடு.

ஆட்டம் தொடங்கியது. நெஜாத் சாவகாசமாகப் படைகளை நகர்த்தினார். மூன்றாம் முறையில் முன்னணிப்படை எங்கள் கோட்டைப் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தது. கூடமே மூச்சுவிடாமல் பார்த்தது. நான்காம் முறையில் அது எங்களைத் தாண்டிப் போனது.

"ஆ...!" என்று கூட்டம் ஏமாற்றத்தில் இழுத்தது. லோராந்த் கண்ணை மூடிக்கொண்டான்.

அம்ப்ருஷுக்கு ஆட்டம் தெரியாது. வாயாடத் தெரியும். ஜெர்மன் மொழியில், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"போங்க சுல்தான் போங்க! சத்தம் போடாம போங்க! உள்ள நாங்க முழிச்சிக்கிட்டுதான் இருக்கோம்!"

நெஜாத் புன்னகை செய்தார்.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, பாவம், கதவைத் தட்டக்கூடத் தைரியம் வரல. வியன்னாவுல கேட்டா என்ன சொல்வீங்க? 'வழியில ஒரு கசாப்புக்கடைக்காரன் முறைச்சான், அதான் சந்து வழியா வந்தேன்'னா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நெஜாத் இன்னும் புன்னகைதான் செய்துகொண்டிருந்தார், மீசை மட்டும் லேசாக அசைந்தது. அடுத்து அம்ப்ருஷ் என் முதுகில் தட்டினார்.

"குதிரைப்படை இருக்குல்ல? அதை வெளிய விடு. பின்னாடி போற அந்த வண்டியைக் கொளுத்து."

"அண்ணே, இருக்கறதே அது ஒண்ணுதான்."

"கொளுத்துடாங்கறேன்!"

அமுக்கினேன். சுல்தானின் உணவு வண்டி ஒன்று திரையிலிருந்து மறைந்தது. கூடம் அதிர்ந்தது. அம்ப்ருஷ் எழுந்து நின்று கையைத் துடைப்பதுபோல் காட்டி, "சாப்பாடு நல்லா இருந்ததுங்க, நன்றி!" என்று குனிந்து வணங்கினார்.

அப்போது ஒரு காரியம் நடந்தது. நெஜாத்தின் மனைவி குலேர் சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்புத்தான், கையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. நெஜாத் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு அம்ப்ருஷைப் பார்த்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பி, போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

"ஒரே ஒரு படை. அந்தக் குதிரைக்காரனைப் பிடிக்க மட்டும்" என்றார், யாரும் கேட்காமலே.

ஒரு படை திரும்பி வந்தது. மதில் அதை அடித்து விரட்டியது. அம்ப்ருஷ் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. நெஜாத் இன்னும் இரண்டு படைகளைத் திருப்பினார். அடுத்த முறையில் பீரங்கிகளை. வியன்னாவுக்குப் பாதித் தூரம் போயிருந்த முன்னணிகூடத் திரும்பி வந்தது. எட்டாம் முறை, ஒன்பதாம் முறை, கோட்டையைச் சுற்றி இருந்த கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. ஆறாம் முறையிலேயே வியன்னாவில் காப்பி குடிக்கிற மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேற்கு மதிலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நான் லோராந்தைத் திரும்பிப் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருப்பான் என்று நினைத்தேன். முகம் சிவந்து, உதடு துடிக்க நின்றான். பக்கத்தில் வந்து என் காதில், "விதியில எங்கயும் இல்லடா இது! மாசக்கணக்கா மதிப்பை ஏத்தி இறக்கி, சாலையைப் பேத்து, சேறு பூசி... இதுக்கெல்லாம் ஒரு கசாப்புக்கடைக்காரன் வாய் போதும்னா நான் எதுக்கு?" என்று பல்லைக் கடித்துவிட்டுத் தூணுக்கே திரும்பிப் போனான்.

கடைசி முறை வந்தது. கோட்டையில் மிச்சமிருந்த பலம் திரையில் ஒரு மெல்லிய கோடு. வெளியே சுல்தானிடமும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, பருவமும் முடிகிறது. ஆனால் எங்களை நசுக்க அது போதும். நெஜாத் நாற்காலியில் சாய்ந்தார். கோபம் வடிந்து களைத்திருந்தது முகம். மெல்ல ஒரு பொத்தானை அமுக்கினார். திரையில் அந்தக் கேள்வி வந்தது: கொடி ஏற்றச் சம்மதமா?

"மாட்டேன்" என்றார் அம்ப்ருஷ்.

"அண்ணே, மறுத்தா கோட்டை போயிடும்" என்றேன்.

"போகட்டும்! மானத்தோட போகட்டும்!"

கூட்டத்தில் பாதி கை தட்டியது. பாதி முணுமுணுத்தது. லோராந்த் தூணிலிருந்து கத்தினான்: "அந்தத் தலைவன் சம்மதிச்சாருண்ணே! அதனாலதான் இன்னிக்கு ஊர்ன்னு ஒண்ணு இருக்கு! விழா நடத்தறோம்! நீங்க தாடி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க!"

"அவரு வேற, நான் வேற!" என்றார் அம்ப்ருஷ். அத்தனை ஆண்டு வேடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

முன்வரிசையிலிருந்து பிரோஷ்கா எழுந்தாள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். அவள் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை, சொன்னது நடந்து பழக்கம்.

"அம்ப்ருஷ் அண்ணே, உள்ள நீங்க மட்டுமா இருக்கீங்க? பொம்பளைங்க, பச்சப்புள்ளைங்க, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் இருக்காங்க. அவங்களைக் கேட்டீங்களா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தேனெஷ், அமுக்கு."

"டேய், அமுக்கின, நாளைக்கு என் கடைப்பக்கம் வராதே!" என்றார் அம்ப்ருஷ்.

மவுஸ் என் கையில். ஒரு பக்கம் ஊரிலேயே நல்ல இறைச்சி. மறுபக்கம் முப்பது வருட இல்வாழ்க்கை. யோசிக்க ஒன்றுமில்லை. சம்மதம் என்று அமுக்கினேன்.

கோட்டைமேல் சின்னதாக ஒரு கொடி ஏறியது. சுல்தானின் படைகள் ஒவ்வொன்றாகத் தெற்கே நகர்ந்து படத்திலிருந்து மறைந்தன. கூடத்தில் யாரும் கை தட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. எல்லாரும் அந்தக் காலியான கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் யாரோ, "அப்ப இப்படித்தான் இருந்திருக்கும்" என்று சொன்னது கேட்டது. அதன் பிறகுதான் கைதட்டல் எழுந்தது, அதுவும் ஒரே சீராக இல்லை.

அம்ப்ருஷ் தாடியைப் பிய்த்து மேசைமேல் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நெஜாத் எழுந்து வந்து பிரோஷ்காவின் கையைக் குலுக்கினார். பிறகு லோராந்தின் முன் தலைகுனிந்து நின்றார்.

"வியன்னா எனக்குத் திறந்து கிடந்தது தம்பி."

"தெரியும் ஐயா."

"நான் முட்டாள் இல்லை."

"தெரியும் ஐயா."

"அப்ப ஏன் நின்னேன்?"

"என்னைக் கேட்டா?" என்று லோராந்த் வெடித்தான். "நீங்கதானே நின்னீங்க! நான் வசந்த காலத்துலேர்ந்து உங்களை நிறுத்தப் பாக்கறேன், நீங்க என்னைக் கேக்கறீங்க!"

நெஜாத் விழுந்து விழுந்து சிரித்தார். லோராந்த் சிரிக்கவில்லை. அன்று மாலை ஐவருமாக எங்கள் வீட்டில் பிளம் கொழுக்கட்டை சாப்பிட்டபோதும் அவன் தட்டைப் பார்த்தபடியே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரைச் சீண்ட முடியாது. அதற்குக் கேலி உறைக்காது, அதற்கு மனைவி கிடையாது, அவள் சிரிப்பு கிடையாது. இதை எந்த எண்ணில் எழுதுவது? "சுல்தானும் ஒரு மனுஷன்தானே" என்று குலேர் ஜெர்மனில் சொன்னார். "அதைத்தானே எழுத இடம் இல்லைங்கறேன்" என்றான்.

அடுத்த வாரம் அவன் களத்திலிருந்து கம்ப்யூட்டர் சுல்தானையே எடுத்துவிட்டான். இனி இரண்டு மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்துதான் ஆட முடியும். இணையத்தில் வெளியிட்டபோது குறிப்பில் ஒரே வரி எழுதினான்: 'எதிரில் இருப்பவரை வாய்க்கு வந்தபடி கேலி செய்வது இந்த ஆட்டத்தின் விதிகளில் ஒன்று.' பாதிப் பேர் ரசித்தார்கள். மீதிப் பேர், சோம்பேறித்தனம், வேலையை முடிக்காமல் விட்டுவிட்டான் என்று எழுதினார்கள். லோராந்த் முதல் வகையினருக்குப் பதில் போடவில்லை. இரண்டாம் வகையினர் ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாகப் பதில் போட்டான்.

அம்ப்ருஷ் குளிர்காலம் வரும்வரை எனக்கு எலும்பாகப் பார்த்து நிறுத்துக் கொடுத்தார். வாய் திறக்கவில்லை. அடுத்த கோடையில் விழாக்குழுக் கூட்டத்தில் அவரே எழுந்து, நாடகத்தின் முடிவில் கொடி ஏற்றும் காட்சியைச் சேர்க்கலாம் என்றாராம். "ஆனா ஒரு நிபந்தனை. கொடி ஏத்த வேண்டாம்னு தலைவன் கொஞ்ச நேரமாவது முரண்டு பிடிக்கணும்." அந்த முரண்டு இப்போது ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. போன தடவை வந்திருந்த ஆஸ்திரியாக்காரர்கள் நாடகம் முடிந்துவிட்டதென்று எழுந்தே போய்விட்டார்கள்.

நெஜாத்தும் லோராந்தும் இன்றும் மின்னஞ்சலில் ஆடுகிறார்கள். ஆளுக்கு வாரம் ஒரு முறை. லோராந்த் இப்போது வேறொரு களத்தில் இறங்கியிருக்கிறான், வடக்கே எங்கோ ஒரு ஆற்றங்கரைப் போர். அதில் ஒரு தளபதி பாலத்தைத் தாண்ட வேண்டிய நாளில் தாண்ட மாட்டேன் என்கிறானாம். நேற்று லோராந்தின் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"பாலம் இருக்குடா! உனக்காகத்தானே கட்டினேன்! ஏறித் தொலையேன்!"

பிரோஷ்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கிழங்கை வைத்துவிட்டு எழுந்து, சுவரில் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

"அண்ணா, சாப்பிட வா. அவன் எங்கயும் போகமாட்டான்."